உப்பை விட்ட தவக்காலம்

எனக்கு வந்த வருத்தத்தைச் சொன்னால் நெடுந்தீவில் சிரிக்கிறார்கள். உடம்பில் உப்புக் குறைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஊரைச் சுற்றிக் கடல். கிணறு வெட்டினால் பாதிக்குமேல் உவர். காலையில் துடைத்த அலுமாரிக் கண்ணாடியில் பின்னேரம் விரலால் பெயர் எழுதலாம், காற்றில் அவ்வளவு உப்பு. இப்படிப்பட்ட இடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ரீச்சர் ஒருத்தி உப்பில்லாமல் விழுந்தாள் என்றால் சனம் சிரிக்காமல் என்ன செய்யும்? நானும்தான் இப்போது சிரிக்கிறேன். ஆனால் பிரசருக்குக் குளிசை எடுக்கிறவர்கள் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அவர்கள் நான் செய்ததைச் செய்யக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது, அது என் கணவரைப் பற்றியது.

எங்களுடையது கத்தோலிக்க வீடு. கணவர் சவிரிமுத்து கடற்தொழில் செய்கிறவர். தவக்காலம் தொடங்கினால் பாஸ்கு என்கிற உயிர்த்த ஞாயிறு வரைக்கும் ஏதாவதொன்றை விட்டுவிடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஒரு வருடம் தேத்தண்ணீரை விட்டேன், ஒரு வருடம் ரீவி நாடகத்தை விட்டேன். இந்த முறை எதை விடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கிளினிக்கில் பிரசர் கூடிவிட்டதென்று புதுக் குளிசை ஒன்று எழுதினார்கள். ஊரில் தண்ணிக் குளிசை என்பார்கள். சிறுநீரோடு உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளிப் பிரசரை இறக்குகிற மருந்து அது. உப்பைக் கொஞ்சம் குறையுங்கள், இரண்டு கிழமையில் வந்து இரத்தம் சோதியுங்கள் என்று டொக்டர் சொல்லியனுப்பினார்.

நான் எதையும் கொஞ்சமாகச் செய்கிற ஆள் இல்லை. கர்த்தருக்கும் ஆயிற்று, கிளினிக்குக்கும் ஆயிற்று என்று உப்பை அடியோடு விட்டேன். கறி, சோறு, கஞ்சி எதிலும் உப்புக் கிடையாது. இரத்தம் சோதிக்கப் போகவேண்டிய நாளில் கடல் பெருங்காற்றாக இருந்ததால் படகு ஓடவில்லை. பிறகு போகலாம் என்று இருந்துவிட்டேன், அந்தப் பிறகு வரவே இல்லை.

அதோடு பங்குனி வெயில். வகுப்பறையில் நின்றாலே சட்டை நனைந்துவிடும். குளிசையால் வாய் வேறு காய்ந்தது. முன்பெல்லாம் நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர் இது. இப்போது உவர்நீரைச் சுத்திகரித்துக் கொடுக்கிறார்கள். கிடைக்கிறதே என்று போத்தல் போத்தலாகக் குடித்தேன். என்ன நீர், வண்டில் மாடு மாதிரிக் குடிக்கிறீர் என்று கணவர் பகிடி பண்ணினார். உடம்பைக் கழுவுகிறேன் என்று நான் பெருமையாகப் பதில் சொன்னேன்.

உடம்பு என்னை முதலில் எச்சரித்தது வகுப்பில். விலங்குகள் உடம்பின் நீரையும் உப்பையும் எப்படிச் சமன்செய்கின்றன என்ற பாடம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு மிகவும் பிடித்த பாடம் அது. கடல் மீனைச் சுற்றி இருப்பது அதன் உடம்பைவிட உப்புக் கூடிய நீர். ஆகவே அதன் உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அது கடலைக் குடித்துத் தண்ணீரை ஈடுகட்டி, மிஞ்சிய உப்பைச் செவுளால் வெளியேற்றும். குளத்து மீனுக்குக் கதை மறுபக்கம். தண்ணீர் கேட்காமலே உடம்புக்குள் புகும். அதனால் அது தண்ணீர் குடிப்பதில்லை, நிறையச் சிறுநீர் கழித்து, உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வருடா வருடம் கரும்பலகையில் இரண்டு மீனையும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். அன்று அம்புக்குறிகளையெல்லாம் மாறி மாறிப் போட்டிருக்கிறேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு எங்கே பிழை என்றே தெரியவில்லை. தலை இடித்தது, குமட்டியது.

அடுத்தநாள் காலையில் கணவரை என் செத்துப்போன தகப்பன் என்று நினைத்துக் கூப்பிட்டேனாம். கதிரையில் இருந்தபடியே சரிந்து, கைகால் இழுக்கத் தொடங்கியதாம். எனக்கு எதுவும் ஞாபகமில்லை. ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து கடற்படைப் படகில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கும், அங்கிருந்து அம்புலன்ஸில் யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். வழி முழுக்க இவர் என் தலையை மடியில் வைத்திருந்தாராம். யாழ்ப்பாணத்தில் வேலை செய்கிற எங்கள் மகள் டிலானி ஆஸ்பத்திரி வாசலில் நின்றாளாம். எல்லாமே எனக்கு விழுந்தேனாம், கொண்டுபோனார்களாம் என்று மற்றவர்கள் சொல்லக் கேட்ட கதைதான்.

கண் தெளிந்தபோது அவசர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். டொக்டர் பிள்ளை ஒருத்தி, எங்கள் டிலானியைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும், நான் ரீச்சர் என்று அறிந்து பக்கத்தில் நின்று பொறுமையாக விளங்கப்படுத்தினாள். இரத்தத்திலிருக்கும் உப்பில் சோடியம் என்பது நூற்று முப்பத்தைந்துக்கு மேல் நிற்கவேண்டும். எனக்கு அது நூற்றுப் பன்னிரண்டில் நின்றது. உப்பு ஒரு பக்கத்தால் போக, தண்ணீர் மறுபக்கத்தால் ஏற, இரத்தம் நீர்த்துவிட்டது. நீர்த்த இரத்தத்திலிருந்து தண்ணீர் உடம்பின் உயிர்க்கலங்களுக்குள் புகும். பிளம்ஸ் என்கிற காய்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் ஊதுமே, அதேதான். மற்ற உறுப்புகள் ஊதினாலும் இடமிருக்கிறது. மூளை மண்டையோட்டுக்குள் அடைபட்டிருப்பதால் அது ஊதினால் நசிபடும். வலிப்பு அதனால் வந்தது.

நான் படிப்பித்த பாடத்தை எனக்கே படிப்பித்தாள். குளத்து மீனுக்காவது உப்பைப் பிடித்து வைத்திருக்கத் தெரிந்தது. நான் அதையும் குளிசை போட்டு விரட்டிவிட்டிருந்தேன்.

ஏன் நிறைய உப்பை ஒரேயடியாக ஏற்றவில்லை என்று கேட்டேன். ஊதாமல் இருப்பதற்காக மூளைக் கலங்கள் தங்களிடமிருந்த உப்பையும் வேறு சில பொருட்களையும் வெளியே விட்டுப் பழகியிருக்கும், இப்போது சட்டென்று வெளியில் உப்பைக் கூட்டினால் அவை சுருங்கிப் பழுதாகிவிடும், பேச்சும் நடையும் போய்விடலாம் என்றாள். அதனால் மெல்ல மெல்லத்தான் ஏற்றவேண்டும். குளிசையை நிறுத்தினார்கள். கடைசியாக, எனக்கு மிகக் கொடுமையாக இருந்த வைத்தியத்தைச் சொன்னாள்.

"ரீச்சர், இனி ஒரு நாளைக்கு இந்தப் போத்தல் ஒண்டுதான். கஞ்சி, தேத்தண்ணி எல்லாம் இதுக்குள்ள அடக்கம்."

உடம்பு முழுக்கத் தண்ணீர் நிற்க, வாய் மட்டும் காய்ந்து கிடக்கும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் வாசித்ததில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பார்கள். அந்தப் பஞ்சைக் கடித்து உறிஞ்சப் பார்த்தேன் என்று நேர்ஸ் ஒருத்தி ஏசினாள். வெட்கமாக இருந்தாலும் மறுபடியும் செய்தேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் உப்பு மெல்ல ஏறியது. நூற்றிருபதைத் தாண்டியதும் பெண்கள் வாட்டுக்கு மாற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் காரைநகர் அக்கா ஒருவர், சலரோகம் என்கிற சீனி வியாதியால் கால் புண்ணாகி வந்தவர். தன் வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டில் எனக்கு ஒரு பங்கு எடுத்து வைத்து, உப்புப் போட்டதுதான், பயப்படாமல் சாப்பிடும் என்பார். முன்பின் தெரியாத மனுஷி ஒருவர் என் தலையைப் பின்னிவிட்டதும் அந்த வாட்டில்தான். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் காசுக் கவலை இல்லை. பார்வையாளர் நேரத்துக்கு மணி அடித்தால் காலை, மத்தியானம், பின்னேரம் மூன்று வேளையும், டிலானியோடு தங்கியிருந்த என் கணவர் வந்து நிற்பார். கட்டிலின் ஓரத்தில் இருந்து என் காலைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

வாட்டுக்கு வந்த பிறகு உப்பு ஏறுவது நின்றது. நின்றதோடு விடாமல் இறங்கவும் தொடங்கியது. நான் மறுபடி மந்தமானேன். எப்போதும் அரை நித்திரை. ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் கிணற்றடியில் நிற்கிறேன், யாரோ வாளியைச் சரித்துப் பிடிக்கிறார்கள், நான் வயிறு முட்டக் குடிக்கிறேன். விழித்தால் கழுத்து ஈரமாக இருக்கும். வேர்வை என்று நினைத்தேன்.

டொக்டர்மார் குழம்பினார்கள். குளிசை நிறுத்தியாயிற்று, தண்ணீரையும் அளந்து கொடுக்கிறோம், பிறகு ஏன் இறங்குகிறது? சிகரெட் பிடிப்பீர்களா, இருமல் இருக்கிறதா, மெலிந்தீர்களா என்று கேட்கத் தொடங்கினார்கள். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் சின்னதாக ஒரு வெள்ளை அடையாளம் தெரிந்தது. ஸ்கான் எடுக்கவேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

எனக்கு அந்த நேரம் கொஞ்சம் தெளிவு இருந்தது. எதற்கென்று டொக்டர் பிள்ளையிடம் நேரே கேட்டேன். அவள் மறைக்கவில்லை. மூளையின் அடியிலிருந்து வருகிற ஒரு சுரப்பு, தண்ணீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும். தேவையானபோது சொல்லி, தேவை முடிந்ததும் அடங்கிவிடும். சில வேளை சுவாசப்பையில் வருகிற கட்டி அதே சுரப்பைக் கள்ளமாகச் சுரக்கும். அப்போது எவ்வளவு மட்டுப்படுத்தினாலும் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும்.

"கான்சரோ, பிள்ளை?"

"அப்பிடி இருக்கோணும் எண்டில்லை, ரீச்சர். இல்லையெண்டு நிச்சயப்படுத்தத்தான் எடுக்கிறம்."

படிப்பிக்கிறவளுக்கு இந்த வசனத்தின் அர்த்தம் தெரியும். நான் பயந்தேன். டிலானிக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. இவருக்கு உடுப்பு எந்த அலுமாரியில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. சாவதைவிட மெல்ல மெல்ல புத்தி மங்கி, ஆளையாள் தெரியாமல் கிடப்பேனோ என்பதுதான் என்னை வாட்டியது. போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கொண்டு அழுதேன். காரைநகர் அக்கா கையை நீட்டி என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டது ஞாபகம் இருக்கிறது.

அன்று பின்னேரம் டிலானி தகப்பனுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். தண்ணீரைக் குறைத்தும் உப்பு ஏறவில்லை, அதனால்தான் நெஞ்சுக்குள் கட்டி என்று சந்தேகப்படுகிறார்கள் என்று விளங்கப்படுத்தியிருக்கிறாள்.

மறுநாள் காலைப் பார்வையாளர் நேரம் முடிந்து, டொக்டர் பிள்ளை கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது வாட்டு வாசலில் சத்தம் கேட்டது. காவலாளி மறிக்க மறிக்க இவர் உள்ளே வந்தார். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத மனிதர். சேர்ட்டின் பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன. என்னைப் பார்க்காமல் டொக்டர் பிள்ளையிடம் போனார்.

"ஸ்கான் எடுக்க வேண்டாம், டொக்டர். நான்தான் அவவுக்குத் தண்ணி குடுத்தனான்."

டொக்டர் பிள்ளைக்கு விளங்கவில்லை. எவ்வளவு என்று கேட்டாள். இவர் கையிலிருந்த பையைத் திறந்து பெரிய சோடாப் போத்தல் ஒன்றைக் காட்டினார். மூன்று வேளையும் இது நிறைய என்றார். நான் அரை நித்திரையில் தண்ணீர் தண்ணீர் என்று முனகுவேனாம். இவர் நேர்ஸ்மார் காணாமல் தலையைத் தூக்கிப் பருக்குவாராம். உப்புத்தானே குறைவு, தண்ணீர் என்ன செய்யப்போகிறது என்று நினைத்தாராம். காரைநகர் அக்காவுக்கும் அது தெரிந்திருந்தது. வருத்தக்காரருக்குத் தண்ணீர் கொடுப்பதைக் காட்டிக்கொடுப்பதா என்று அவர் வாய் திறக்கவில்லை. என் கனவுக் கிணற்றுக்கு வாளி பிடித்தது யாரென்று அப்போது விளங்கியது.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்க நான் என் சாவீட்டை நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். டொக்டர்மார் சொன்னவையெல்லே, தரக்கூடாதெண்டு உங்களுக்குச் சொன்னவையெல்லே என்று கத்தினேன்.

"சொன்னவை," என்றார். "ஆனா நீர் கேட்டனீர். கேட்டா, எனக்கு இல்லையெண்டு சொல்ல ஏலாது."

பிறகு, அந்த வாட்டின் நடுவில் நின்றபடி, எங்கள் கலியாணத்துக்கு முன் நடந்த கதையைச் சொன்னார். அதன் பாதி எனக்குத் தெரியும். இவரும் இவருடைய தமையன் அல்பிரட்டும் தொழிலுக்குப் போனபோது மிசின் பழுதாகி, நீரோட்டம் வள்ளத்தை ஆழக்கடலுக்கு இழுத்துப்போனது. பல நாள் மிதந்தார்கள். தமையன் வெயிலில் செத்துப்போனார், இவர் தப்பினார் என்பதுதான் எங்களுக்கெல்லாம் சொல்லப்பட்டது.

தண்ணீர்க் கலன் இவருடைய பொறுப்பில் இருந்ததாம். என்னிடம் இருந்தால் குடித்து முடித்துவிடுவேன், நீ வைத்திரு என்று தமையன்தான் கொடுத்தாராம். கலனின் மூடியால் அளந்து ஆளுக்கு ஒரு மூடி. ஒரு பொழுதுசாயும் நேரம், அடியில் கொஞ்சம் கிடக்க, தமையன் இன்னொரு மூடி கேட்டார்.

"விடியட்டும், விடிஞ்சாப் பிறகு தாறன் எண்டு சொன்னனான். நான் அயர்ந்துபோனன். விடியேக்குள்ள அண்ணை கடலைக் குடிச்சிருந்தவர். வயிறு முட்ட. அதுக்குப் பிறகு அவருக்கு என்னைத் தெரியேல்லை." இவர் போத்தலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "கலனுக்குள்ள தண்ணி இருந்தது, டொக்டர். நாங்கள் ஆக்களின்ரை கண்ணில படேக்குள்ளயும் இருந்தது."

கடல்நீரைக் குடித்தால் என்ன நடக்கும் என்பது நான் ஒவ்வொரு வருடமும் சோதனைக்குப் போடுகிற கேள்வி. கடலில் இருக்கிற அளவு உப்பான சிறுநீரை எங்கள் சிறுநீரகத்தால் உண்டாக்க முடியாது. ஒரு கோப்பை கடலைக் குடித்தால் அந்த உப்பை வெளியேற்ற ஒரு கோப்பைக்கு மேல் தண்ணீர் உடம்பிலிருந்து போகும். குடிக்கக் குடிக்க விடாய் கூடும், மூளைக் கலங்கள் வற்றிச் சுருங்கும், புத்தி பேதலிக்கும். எனக்கு நடந்ததன் மறுபக்கம் அது. கடற்பறவைக்கும் கடலாமைக்கும் உப்பைக் கழிக்கத் தலையில் தனிச் சுரப்பி இருக்கிறது, மனிதருக்கு இல்லை என்று விடை எழுதினால் முழுப் புள்ளி கொடுப்பேன். விடைத்தாள் திருத்துகிற என் பக்கத்தில் இருந்து, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மனிதருக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

கலியாணமான புதிதில், வலையில் பட்ட ஆமை அழுதது என்று இவர் கவலையோடு வந்து சொன்னபோது, அது அழவில்லை, உப்பைக் கழிக்கிறது என்று பாடம் நடத்தியவள் நான். அன்று வாட்டில் இவர் அழுதபோது நான் பாடம் எதுவும் நடத்தவில்லை. பக்கத்தில் வந்து இருக்கச் சொன்னேன். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

டொக்டர் பிள்ளையும் ஏசவில்லை. பிறகு, ஸ்கானை ஒரு நாள் தள்ளி வைக்கிறேன், நாளைக் காலை இரத்தத்தில் உப்பு ஏறியிருந்தால் அது தேவைப்படாது என்றாள். மேசையிலிருந்த என் தண்ணீர்ப் போத்தலையும் அளவுக் கோப்பையையும் எடுத்து இவரிடம் நீட்டினாள்.

"ஐயா, இனி ரீச்சருக்கு நீங்கள்தான் தண்ணி குடுக்கவேணும். இந்தளவுதான். முடிஞ்சா, முடிஞ்சுதுதான். உங்களால ஏலுமோ?"

கோப்பையை வாங்கிப் பார்த்தார். அந்த மூடியின் ஞாபகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். "ஓம்" என்று சொன்னது எனக்கே மெல்லத்தான் கேட்டது. பின்னேரம் வரைக்கும் வாட்டில் இருக்க அவருக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தாள்.

அந்தப் பகல் முழுக்க இவர் கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அளந்து கொடுத்தார். தானும் தண்ணீர் குடிக்கவில்லை. நான் சொல்லியும் கேட்கவில்லை. பின்னேர மணி அடிக்க முன்பே போத்தல் முடிந்துவிட்டது. எனக்கு நாக்கு வறண்டு, தொண்டை பொருக்காகி, யோசிக்காமல் வாயிலிருந்து வந்துவிட்டது, கொஞ்சம் தண்ணி தாருங்கோ என்று. கேட்ட பிறகுதான் நான் யாரிடம் என்ன கேட்டேன் என்று உறைத்தது. திருப்பி எடுக்க முடியாத சொல்.

அவருடைய முகம் வெளுத்தது. வெறும் கோப்பையைக் கவிழ்த்து மேசையில் வைத்தார்.

"இல்லை," என்றார். "விடியட்டும். விடிஞ்சாப் பிறகு தாறன்."

பார்வையாளர் வெளியே போகவேண்டிய மணி அடித்தது. இவர் எழுந்து, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் உப்பு ஏறியிருந்தது, அடுத்தடுத்த நாட்களில் இன்னும் ஏறியது. ஸ்கான் எடுக்க வேண்டி வரவில்லை. எக்ஸ்ரேயில் தெரிந்தது எப்போதோ வந்த நெஞ்சுச் சளியின் தழும்பு என்று பெரிய டொக்டர் பார்த்துச் சொன்னார். பாஸ்குவுக்கு வீட்டில் இருந்தேன். வேறு பிரசர்க் குளிசை எடுக்கிறேன், இரத்தம் சோதிக்கிற நாளைத் தவறவிடுவதில்லை. தவக்காலத்தில் எதையாவது விடுகிறவர்கள் தயவுசெய்து டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விடுங்கள்.

ஆனால் அந்தக் காலையில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. இரத்தம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், முடிவு வரவில்லை. வாயிற்கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே வந்தவர் இவர்தான். இரா முழுக்கக் கண்மூடவில்லை என்று கண் சொன்னது. கட்டிலடிக்கு வந்து, குனிந்து, என் முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"ஆரெண்டு தெரியுதோ?" என்று கேட்டார்.

"சவிரிமுத்து," என்றேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவர் புதுப் போத்தலைத் திறந்து கோப்பையில் ஊற்றினார். கோட்டுக்கு மேலே ஒரு துளிகூட விடவில்லை. என் தலையைத் தூக்கிப் பிடித்தார்.

"விடிஞ்சிட்டுது," என்றார். "குடியும்."